இரவு ஒன்பதரை!

பெண்கள் அழுவதைப் பெண்களே பார்த்து அழும் பொழுதுபோக்கு என்று சின்னத்திரைத் தொடர்களை இகழ்ந்துரைப்பது, படித்தவர் வட்டாரத்திலே ஒரு நாகரிகமாகிவிட்டது. பகுத்தறிவாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தோழர்கள் சிலரும், தொடர் என்றதும் முகத்தைச் சுளித்து, முதுகைக் காட்டிச் சென்றுவிடுகின்றனர். நாம் அப்படிச் செல்வதற்கில்லை. நன்னிலத்திலும், அதைச் சூழ்ந்த பேரளம், பூந்தோட்டம், சன்னாநல்லூர்ப் பக்கங்களிலும், பகலெல்லாம் சேற்றிலே நின்ற கால்கள் இரவிலே ஒரு பெட்டியின் முன் நீட்டி அமர்கின்றன. நம் கூட்டத்துக்கு வராத தாய்மார்கள், நம் ஏட்டைப் புரட்ட நேரமில்லாத தாய்மார்கள், அந்தப் பெட்டிக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்குகின்றனர். எது நீதி, எது அநீதி, அடங்க வேண்டியவர் யார், அடக்க உரிமையுடையவர் யார் என்ற பாடம் அங்கே நாள் தவறாமல் நடக்கிறது. பாடம் நடத்துபவர் யார், பாடத்தின் முடிவு என்ன என்று கேளாமலிருப்பது அறிவுடைமையாகுமா?

அந்தப் பெட்டி குடிசைக்குள் வந்த வரலாறும் நம் வரலாற்றோடு பின்னியது. மிராசுதார் வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவிலே நின்று படம் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றனர். திண்ணையில் ஏறினால் தீட்டு. சன்னலோரம் நின்றால் போனால் போகிறதென்று விடுவார்கள். திருக்குவளையிலே பிறந்த கலைஞர் 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்றார். அவ்வாண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கிற்று. 2011இல் ஆட்சி மாறி நின்றது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. சன்னல் கம்பியை விட்டுவிட்டு மக்கள் தம் வீட்டுத் தரையிலே அமர்ந்தனர். பெட்டியைக் கொடுத்தோம், பெட்டிக்குள் வருவது யாது என்று பார்க்கும் பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

நாடகத்தை நாம் எடைபோடக் கற்றது, அதன் கடைசிக் காட்சியைக்கொண்டுதான். அடுத்த ஊர்த் திருவாரூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய தங்கராசு எழுத, எம்.ஆர். இராதா மேடைதோறும் நடித்து, 1954இல் படமாகவும் வந்த 'இரத்தக்கண்ணீர்' எப்படி முடிகிறது? நோயால் உருக்குலைந்த மோகனசுந்தரம், தாலி கட்டிய தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணமுடிக்கிறான். கணவன் உயிரோடிருக்கும்போதே! அவன் வாயாலேயே! இராதாவின் கிண்டலுக்குச் சிரிக்கவென்று வந்த கூட்டம், அந்த முடிவைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிற்று. புராணத்தில் கேளாத முடிவு. புரோகிதர் ஒப்பாத முடிவு. கடைசிக் காட்சியில் பெண் எங்கே நிற்கிறாள் என்ற கேள்வியை அன்று முதல் நாம் எல்லாக் கதைகளிடமும் கேட்டு வருகிறோம். தொடர்களிடமும் கேட்போம்.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்த தொடர் முடிவு ஒன்று உண்டு. 1987 சனவரி 25இல் தூரதர்ஷனில் தொடங்கிய இராமாயணம், 1988 சூலை 31இல் முடிவுற்றது. ஞாயிறு காலையில் குளித்து முழுகி, பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டிப் பார்த்தவர்கள் பலர். முடிவு யாது? பட்டாபிஷேகம்! அண்ணன் அரியணை ஏறினான், தம்பியர் சூழ நின்றனர், சுபம். ஆனால் அதோடு விட்டார்களா? அதே ஆண்டிலேயே உத்தர இராமாயணம் என்று அடுத்த தொடர் தொடங்கிற்று. அந்த இரண்டாம் பாகத்தின் பொருள் என்ன? கருவுற்ற சீதை கானகம் போன கதை! முதற்பாகத்தின் கடைசி நாளில் அரசி. இரண்டாம் பாகத்தில் காட்டிலே தனியாள். ஆண்மகனின் கதை முடிசூட்டலோடு முடியும். பெண்ணின் துன்பத்துக்கு மட்டும் இரண்டாம் பாகம் உண்டு என்ற சூத்திரத்தை, சின்னத்திரை எழுத்தாளர் எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வகை முடிவும் உண்டு. அதிலே பெண்ணுக்குக் கொடுமை செய்தவனைப் பாம்பு வந்து கடிக்கும்; அல்லது பேய் வந்து அடிக்கும்; அல்லது அம்மன் சூலம் பறந்து வரும். காவல் நிலையமும் நீதிமன்றமும் கட்டி வைத்திருக்கும் நாட்டிலே, நீதி வழங்க நாகம் வரவேண்டுமாம்! 2017–18இல் 'நந்தினி' என்ற நாகக் கதை ஓடியது எங்கே? வடநாட்டு நிலையத்திலா? 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில்! உதயசூரியனை நினைவூட்டும் பெயர்! வேற்றார் செய்தால் கண்டிப்போம், வேண்டியவர் செய்தால் வணிகம் என்று வாய்மூடுவோம் என்றால் அதற்குப் பெயர் பகுத்தறிவன்று. பாம்புக் கதை எந்தப் பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்தாலும் பாம்புக் கதைதான்.

கொடியவன் கடைசி அரைமணியில் கண்ணீர் விட்டுத் திருந்தி, எல்லோரும் சேர்ந்து நின்று படமெடுத்துக்கொள்ளும் முடிவைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. நாலாண்டுக் கொடுமைக்கு நாலு சொட்டுக் கண்ணீர், பற்றுவரவு சரிபார்த்தாயிற்று!

நமக்குப் பிடித்த முடிவுகளுக்கு வருவோம். திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002இல் தொடங்கி 2005இல் முடிவுற்றது. 800 நாட்களுக்கு மேல் ஓடியது. சிதம்பரம் என்ற தந்தை, தாயற்ற ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியாகக் 'கரையேற்ற' அவர் படும் பாடு. கரையேற்றுவது! என்ன சொல் அது! பெண் என்ன, முடிகொண்டான் ஆற்றுச் சுழலிலே விழுந்துவிட்டவளா, கயிறு வீசிக் கரையேற்ற? அந்தத் தந்தைக்காக நம் தெருவே இரங்கிற்று. தந்தைக்காகத்தான் இரங்கினோம் என்பதைக் கவனிக்க வேண்டும். சீர் கொடுத்தும் சிறுமைப்பட்ட பெண்ணுக்காக நாம் அந்த அளவு கொதிக்கவில்லை. ஆனாலும் அதன் முடிவை நாம் மறவாதிருப்பது கதைக்காக அன்று, ஆண்டுக்காக. மகளுக்கும் மகனைப் போலவே பரம்பரைச் சொத்தில் பிறப்பால் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்ததும் அதே 2005, செப்டம்பர் 9. ஐந்து பெண்களுக்கு நகை தேடி அலைந்த சிதம்பரங்கள் திரையிலிருந்து விடைபெற்ற ஆண்டிலே, அந்தப் பெண்கள் கேட்டுப் பெற வேண்டியது நகையல்ல, நிலம் என்று சட்டம் சொல்லிற்று. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் எத்தனை பேர்! 1989இல் தமிழ்நாடு தன் அளவில் சட்டம் செய்தது. இந்தியா வந்து சேர மேலும் 16 ஆண்டுகள்.

அடுத்தது 'கோலங்கள்'. திருச்செல்வம் இயக்கியது, 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில்தான் ஓய்ந்தது. 1500 நாட்களுக்கு மேல்! ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் சேரும் காலம். அபி என்ற பெண்ணாகத் தேவயானி நடித்தார். பழைய படங்களிலே கணவன் கைவிட்டால் கதை முடிந்துவிடும். கிணறோ, கோயிலோ, காசநோயோ காத்திருக்கும். இங்கே மணமுறிவு கதையின் நடுவிலே வந்தது. அதன் பின்னும் அவள் உண்டாள், உடுத்தினாள், கட்டடத் தொழில் நடத்தினாள், எதிரியோடு மல்லுக்கு நின்றாள். மணமுறிவுக்குப் பின்னும் பெண்ணுக்கு ஆயிரம் நாள் கதை இருக்கிறது என்று காட்டியதே நமக்குப் போதும்; கடைசி நாளில் வில்லன் என்னவானான் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

இவ்விடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் மேலே செல்ல முடியாது. நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த கே. பாலச்சந்தர், 1974இல் எடுத்த படத்துக்கு இட்ட பெயரே 'அவள் ஒரு தொடர்கதை'. சின்னத்திரைத் தொடர்கள் பிறப்பதற்கு முன்பே, உழைக்கும் பெண்ணின் வாழ்க்கைக்கு முடிவு எழுத இயலாது என்று கண்டுகொண்ட பெயர்! குடும்பத்தைச் சுமக்கும் கவிதாவுக்கு ஒரு வழியாக மணம் கூடிவருகிறது. அன்றே அண்ணன் கொலையுண்டு சாகிறான். மணமகனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து அவள் மீண்டும் வேலைக்குப் போகிறாள். அந்தத் தியாகத்தை நாம் போற்றவில்லை. பெண் என்றால் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டுமா என்று அவரிடம் சண்டை பிடிக்கவே விரும்புகிறோம். ஆனால் அவள் கோயிலுக்குப் போகவில்லை, குளத்துக்குப் போகவில்லை, வேலைக்குப் போனாள் என்பதை மறுக்க முடியாது. பின்னாளில் அவரே சின்னத்திரைக்கு வந்தார். 1985இல் தாம் முடித்துவைத்த 'சிந்து பைரவி'யின் முடிவைத் தாமே பிரித்து, 2003இல் 'சஹானா' என்று தொடர்ந்தார். முடிந்த கதையை மீண்டும் திறப்பது வணிகர்களின் பழக்கம் மட்டுமன்று, வல்லவர்களுக்கும் அந்த ஆசை உண்டு என்பதற்கு அது சான்று. குழந்தையை விட்டுக்கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போன சிந்து எங்கே போனாள் என்று கேட்காத பெண் உண்டா?

அவருடைய இன்னொரு படப் பெயரைத்தான் திருச்செல்வம் எடுத்துக்கொண்டார். 1968இல் 'எதிர்நீச்சல்' என்றால் மாடிப்படி மாது, நாகேஷ், ஆதரவற்ற ஓர் ஏழை மாணவன். 2022 பிப்ரவரி 7 முதல் 'எதிர்நீச்சல்' என்றால் மதுரையில் ஒரு பெரிய வீடு, அதிலே நான்கு மருமகள்கள். படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துத் தாமும் மணந்து, தம்பிகளுக்கும் மணமுடித்து, அவர்கள் பெற்ற பட்டங்களைப் பரண்மேல் வீசி, கையிலே கரண்டியைக் கொடுக்கும் ஆதி குணசேகரன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, சனனி! நால்வருக்கும் ஒரே சமையலறை. வேலைக்குப் போக நினைப்பதே குற்றம். தங்கை ஆதிரை விரும்பியவன் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன்.

இதிலே சாமி வந்து காப்பாற்றவில்லை, பாம்பு வரவில்லை. காப்பாற்றியது எது தெரியுமா? கணக்கு! அப்பத்தாவின் பெயரிலிருந்த 40 சதவீதப் பங்கு! வீட்டிலே முணுமுணுப்பதற்கும் உரிமையில்லாத கிழவி என்று நினைத்தவளின் பெயரில் பாதிக்குச் சற்றே குறைந்த சொத்து! அந்தச் சதவீதம் பேசப்பட்ட நாட்களில் நம் தெருவிலே பெண்கள் சதவீதம் பேசினர். நடவுக் கூலிக் கணக்கைத் தவிர வேறு கணக்கு பேசாதவர்கள், நாற்பது போனால் மீதி எவ்வளவு, அதை எத்தனை பேருக்குப் பிரிப்பது என்று பேசினர். நம் சொத்துரிமைத் தீர்மானங்களை இத்தனை பேர் இத்தனை ஆர்வத்தோடு விவாதித்ததை நாம் கண்டதில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையிலே அவர் பழமையின் மொத்த உருவம். திரைக்கு வெளியே? தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் சோதிடர்களோடு நேருக்கு நேர் நின்று, உங்கள் கட்டங்கள் யாருக்கு உதவின என்று கேட்டவர். 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கையில் மாரடைப்பு வந்து மறைந்தார். இராதாவும் அப்படித்தான், மேடையிலே கெட்டவனாக நின்று கெட்டதைத் தோலுரித்தார். வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்ற பின்னும், பழைய குரலைத் தேடியவர்கள் நம் தெருவில் அதிகம். கொடுமைக்காரனைக் கண்டு அஞ்சுவதைக்காட்டிலும் அவனைக் கண்டு சிரிக்கும்படி நடித்தவர் மாரிமுத்து. சிரிக்கக் கற்றுக்கொண்டவர்களை அடக்குவது எளிதன்று.

முதற்பாகம் 2024 சூன் 8, சனிக்கிழமை இரவு முடிவுற்றது. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான சூன் 12இல் திறக்கப்படவில்லை. சூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுவைக்கு நாற்று விட்டனர். மற்ற வயல்கள் வெடித்துக் கிடந்தன. வேலையில்லாத மறுநாள், தெருக்குழாயடியிலே முடிவைப் பற்றிய விசாரணை நடந்தது.

"அவன் நாசமாப் போனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றார் ஒரு மூதாட்டி.

"அவன் போயிட்டா மட்டும் சொத்து ஒன் கைக்கு வந்துடுமா அத்தை? பத்திரம் யாரு கையில இருக்கு, அதச் சொல்லு" என்றார் மற்றொரு பெண்.

அந்த ஒரு கேள்வி, நூறு மேடைப் பேச்சுக்குச் சமம். கேட்டவர் யாரென்பதை நாம் பெயர் குறிக்காமல் சொல்லலாம். அறுபதைத் தொட்டவர். 1989க்கு முன்பே மணமானவர். ஆகவே தமிழ்நாட்டின் அந்தச் சட்டம் அவரை எட்டவில்லை. தந்தை வழி வந்த ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், பிரிக்கப்படாமலே கிடக்கிறது. தந்தை 2005க்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணன்மார் இருவர். ஆண்டுதோறும் புடவையோடு வருவார்கள்; புடவைக்கு அடியிலே ஒரு தாள் இருக்கும். அதன் பெயர் விடுதலைப் பத்திரம்! தன் பங்கைத் தானே விட்டுவிட்டதாகப் பெண் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு 'விடுதலை' என்று பெயர் சூட்டிய குறும்பன் யாரோ! 1935 முதல் நாம் ஏந்திவரும் 'விடுதலை' வேறு, இந்த விடுதலை வேறு. பெண்ணைச் சொத்திலிருந்து விடுதலை செய்கிறார்களாம்!

"தந்தைதான் சட்டம் வருமுன்பே போய்விட்டாரே, உனக்கு ஏது பங்கு?" என்று அண்ணன்மார் கேட்டுவந்தனர். 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் அந்த வாதத்தை முடித்துவைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. 2005இல் தந்தை உயிரோடிருந்தாரா என்பது கேள்வியன்று. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை நடந்துவிட்டதா என்பதே கேள்வி. இதை நாம் அவரிடம் முன்பே இரண்டுமுறை எடுத்துச் சொல்லியிருந்தோம். தலையசைத்துவிட்டு, "கூடப் பொறந்தவங்க கோவிச்சுக்குவாங்களே தம்பி" என்பார். அண்ணனைப் பகைத்துக்கொண்டால் பிறந்த வீடு இல்லை. பிறந்த வீடு இல்லையென்றால் புகுந்த வீட்டில் மதிப்பில்லை. மூன்று ஏக்கரில் மூன்றிலொரு பங்கைக்காட்டிலும் அந்த அச்சம் கனமானது. தொடர்கள் இரண்டாண்டு இழுப்பது விளம்பரத்துக்காக என்று நாம் கேலி பேசுகிறோம். இந்த அச்சம் கரைய இரண்டாண்டு போதுமா என்ன?

தொடரின் இரண்டாம் பாகம் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் 2024 டிசம்பர் 23இல் தொடங்கிற்று. பாலச்சந்தர் மறைந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள் அது. தற்செயல்தான், நாளிலும் கோளிலும் நமக்கு நம்பிக்கையில்லை. மீண்டும் குணசேகரன், மீண்டும் அதே அதிகாரம்! நமக்குச் சினம் வந்தது. பெண்களை வாசற்படி தாண்டவைத்து ஏழு திங்கள் ஆகவில்லை; மறுபடி அதே கூடத்துக்குள் இழுத்து வருவதா? வாரந்தோறும் வெளிவரும் பார்வையாளர் கணக்கு குறைந்தால் முடிவு, கூடுமென்றால் மறுபிறவி; மறுபிறவிக் கொள்கையை மனுநூல்காரரைவிட விளம்பரக்காரரே நன்றாகப் பிடித்துக்கொண்டனர் என்று அந்த அம்மையாரிடமே சொன்னோம்.

அவர் முறத்திலே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"திரும்பி வராம என்ன தம்பி பண்ணுவான்? சொத்து இருக்கற எடத்துக்கு அவன் வரத்தான் செய்வான். எங்க அண்ணனுங்க வருசா வருசம் வரலியா? இவளுவ இந்தத் தடவ என்ன பண்ணுறாளுவன்னு பார்க்கத்தானே நான் ஒக்காந்துருக்கேன்."

இரண்டாம் பாகம் என்பது வணிகத் தந்திரம் என்ற நம் கருத்தை நாம் கைவிடவில்லை. ஆனால் அந்த விடைக்கு எதிர்வாதம் நம்மிடம் அப்போது இல்லை.

தை பிறந்தது. அண்ணன்மார் வந்தனர். கரும்பு, வாழைத்தார், மஞ்சள் கொத்து, புடவை. புடவைக்கு அடியில் வழக்கமான தாள். அம்மையார் இலை போட்டுச் சோறு பரிமாறினார். புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தாளை மட்டும் மடிப்புக் கலையாமல் அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மூத்தவர் பேசாமல் செருப்பைத் தேடினார். இளையவர் சற்று நேரம் திண்ணையிலே அமர்ந்திருந்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்றென்று எழுந்தார்.

மறுநாள் அம்மையார் நம் வீட்டுக்கு வந்து, கூட்டுப் பட்டாவில் தம் பெயரையும் சேர்க்கும்படி வட்டாட்சியருக்கு மனு எழுதித் தரக் கேட்டார். எழுதினோம். சர்வே எண் வேண்டுமே, அந்தப் பழைய தாளை அண்ணனிடம் கொடுத்துவிட்டீர்களே என்றோம். அவர் எண்ணைச் சொன்னார், உட்பிரிவு உட்பட. நான்கு பக்கமும் எல்லை யாருடையது என்பதையும் வரிசையாகச் சொன்னார்.